நாலாம் மாடியில் ஒரு பிடி மண்

தமிழ் இலக்கியத்தில் பூனைக்குக் கிடைத்த இடம் பெரிதன்று. ஆயினும் கிடைத்த சிறிய இடம் சிறப்பானது. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று வரையறுத்து வைத்திருக்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், கார்காலத்து முல்லை அரும்புகளைக் கண்டு காட்டுப்பூனையின் சிரிப்பை நினைத்துக்கொள்கிறார். கம்பரோ, இராமகாதையைப் பாட வந்த தம்மையே பாற்கடலை நக்கிக் குடித்துவிட எண்ணிச் சென்ற பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். இப்புலவர் பெருமக்களுள் எவரும் பூனை எங்கே மலங்கழிக்கும் என்ற கேள்வியை எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவை அவர்களுக்கு நேரவுமில்லை. காடும் கொல்லையும் இருந்தன, மண் இருந்தது, மற்றதைப் பூனை பார்த்துக்கொண்டது.

மண்ணில்லாத வீட்டில்தான் அக்கேள்வி பிறக்கிறது. மும்பையின் முலுண்டுப் பகுதியில் நாலாம் மாடியில் குடியிருக்கும் எங்களுக்கு அது 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிறந்தது. சங்க மலருக்கு எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் தமிழைப் பற்றியும், மின்வண்டி நெரிசலைப் பற்றியும், ஊர்ப் பயணத்தைப் பற்றியும் எழுதுவார்கள். நாங்கள் ஒரு தட்டைப் பற்றி எழுத முற்படுகிறோம். முகம் சுளிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். ஏழாண்டுக்கு முன்பு எங்கள் வீட்டிலும் முகங்கள் சுளித்துத்தான் இருந்தன.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே வீட்டுக்கு இரண்டு பூனைகள் இருக்கும். ஆனால் பூனைகளை 'வளர்ப்பதாக' எவரும் சொல்லிக்கொண்டதில்லை. சோறாக்க வழியற்ற வீட்டை அடுப்பில் பூனை உறங்கும் வீடு என்பார்கள். ஆறிய சாம்பலின் இளஞ்சூடு பூனைக்கு அவ்வளவு விருப்பம். இரவில் புழக்கடைக் கதவின் கீழ் நுழைந்து வெளியேறும், கொல்லையில் வாழைக்கடியில் முன்காலால் குழி பறிக்கும், காரியம் முடிந்ததும் மூடும், மூடியதை ஒருமுறை முகர்ந்து பார்க்கும், போதாதெனில் மேலும் இரண்டு பிடி மண் தள்ளும். இதனை எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுப்பூனை. மனிதரோடு அது கூடி வாழத் தொடங்கியது வேளாண்மை தொடங்கிய காலத்தில். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகில் பூனையின் எலும்புக்கூடும் கிடைத்த செய்தியை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் அது இரண்டு பாலைநிலப் பழக்கங்களை விடவில்லை. ஒன்று, மண்ணைத் தேடிப் புதைப்பது. மற்றொன்று, நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது. பூனையின் சிறுநீர் மிகச் செறிவானதாக இருப்பதன் காரணம் இதுவே. நாலாம் மாடியில் வாழ்பவர்களுக்கு இந்த இரண்டாம் பழக்கத்தின் பொருள் மூக்கின் வழியே விளங்கும்.

முத்து எங்களிடம் வந்தது மழைநாளில். கட்டடத்தின் கீழே ஒரு ஸ்கூட்டரின் அடியில் நனைந்து கிடந்த குட்டியை மகள் மேலே தூக்கி வந்தாள். இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். போகவில்லை. முதலில் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு வாளி மணல் வாங்கி வந்து, பழைய பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, குளியலறைக்குச் செல்லும் நடையில் வைத்தோம். குட்டி முதல் நாளே புரிந்துகொண்டது. புரிந்துகொள்ளாதது மணல்தான். மணலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமில்லை. மேலிருந்து கீழே வடிந்து தட்டின் அடியில் தேங்கிவிடும். தேங்கிய சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதனோடு பூனைகளுக்கே உரிய ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த பொருளும் சேர்ந்துகொள்கிறது. மும்பை மழையோ நான்கு மாதம் சன்னலைத் திறக்கவிடாது. மரக்கடையில் வாங்கிய மரத்தூளும் கிழித்துப் போட்ட செய்தித்தாளும் ஒரு வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. மரத்தூள் முத்துவின் காலோடு படுக்கையறை வரை நடந்துவந்தது.

ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்த பாட்டி, தட்டை நோட்டமிட்டுவிட்டு, "அங்கன அது அதும்பாட்டுக்குப் போயிட்டு வரும். இங்க அதுக்கு ஒரு கக்கூஸ் கட்டி வச்சிருக்கியளாக்கும்!" என்றார். அந்தச் சொல்லில் நியாயம் இருந்தது. கொல்லையை நாலாம் மாடிக்குக் கொண்டுவர நாங்கள் முயன்றுகொண்டிருந்தோம். வந்தது ஒரு வாளி மணல் மட்டுமே.

எதிர்வீட்டில் வசிக்கும் கட்ச் நாட்டு அம்மையார்தான் வழி சொன்னார். பூனைக்கென்று ஒருவகைக் களிமண் கடைகளில் கிடைக்கிறதென்றும், அது தம் ஊர் மண் என்றும் சற்றுப் பெருமையோடு கூறினார். கடையில் அதனை 'லிட்டர்' என்கிறார்கள். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூனைத்தட்டில் களிமண்ணைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே 1947ஆம் ஆண்டில் பரவத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், அதுவரை சாம்பலையும் மணலையும் நம்பியிருந்த பூனை வளர்ப்போருக்கு, எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்கென விற்றுவந்த ஒருவகை உலர்ந்த களிமண் குறுணையைப் பையிலிட்டுக் கொடுத்தார். ஐந்து பவுண்டுப் பையின் விலை 65 சென்ட். மணலை விலைகொடுத்து எவர் வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றாராம். அந்தக் களிமண் நமக்குப் புதிதன்று. நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் அவ்வகையைச் சேர்ந்ததே.

1980களில் பென்டோனைட் என்னும் களிமண் இதற்கு வந்தது. நீர்பட்டால் பல மடங்கு உப்பி, இறுகிக் கட்டியாகிவிடுவது அதன் குணம். சிறுநீர் பட்ட இடம் மட்டும் உருண்டையாகத் திரண்டுவிட, மற்ற மண் உலர்ந்தே இருக்கும். உருண்டையை எடுத்தெறிந்தால் போதும்; தட்டு முழுவதையும் கொட்டவேண்டுவதில்லை. இந்தியாவில் இம்மண் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இராசத்தானின் பார்மர் பகுதியிலும் மிகுதியாக வெட்டியெடுக்கப்படுகிறது. எண்ணெய்க் கிணறு தோண்டவும், இரும்பு வார்ப்பு அச்சுகள் செய்யவும் போவதில் ஒரு பங்கு பூனைகளுக்கும் வருகிறது. பாலைநிலத்து விலங்குக்குப் பாலைநிலத்து மண்ணே வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

மண் கிடைத்தது. இனி அதிலிருந்து கட்டியை எடுப்பது யார்? பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது எலிகளின் வழக்கு. எங்கள் வீட்டு வழக்கு இதுதான்.

பாத்திரம் துலக்க வரும் பாயியிடம் கூடுதலாக மாதம் முந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிக் கேட்கலாம் என்ற பேச்சு வந்தது. கேட்பதற்கு முன்பே அவர் புரிந்துகொண்டு, தரை துடைக்கும் துணியைப் பிழிந்தவாறே, "உங்கள் பூனை, உங்கள் தட்டு" என்று இந்தியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பிறகு கட்டடத்தில் பலரும் சொன்ன யோசனை, மாடிப்படி கூட்டிக் குப்பை எடுத்துச் செல்லும் தொழிலாளியிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் நாய்க்கு அப்படித்தான் ஏற்பாடு. அவருக்கும் நாலு காசு கிடைக்கும் என்று அதற்கு ஒரு தருமமும் சொன்னார்கள்.

அந்தப் பேச்சு நடந்த மாலையில் பாட்டி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திவிட்டு, தாம் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டுக் கொல்லையில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. விடியுமுன் பின்சந்து வழியாக ஒரு பெண் வாளியும் தகரத் துண்டுமாக வருவாள். முன்வாசல் அவளுக்கு இல்லை. திருநாள்களில் அவளுக்குச் சோறு கொடுப்பார்கள். பாத்திரம் தொடாமல் உயரத்திலிருந்து போடுவார்கள். "பதினோரு வருசம் வந்தா. அவ பேரு என்னன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல. நானுந்தான் கேக்கல" என்றார் பாட்டி. சற்று நேரம் கழித்து, "இங்கயும் அதுக்கு ஆள் தேடுதியளோ? நம்ம பூனைதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி காயை நறுக்கத் தொடங்கினார்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்ற ஆள் அமர்த்துவதைத் தடைசெய்து 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2013ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் வந்தன. அவற்றில் பூனையைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்து, பின்சந்து இல்லாத கட்டடத்தில் குடியேறிய பிறகும், அழுக்கு என்றவுடன் ஓர் ஆளைத் தேடும் நம் கண் மட்டும் ஊர்ப் பழக்கத்தை விடாமல் உடன் வந்திருக்கிறது என்பதைப் பாட்டியின் பேச்சு எங்களுக்குக் காட்டிற்று. அன்றிரவே முறை வைத்துக்கொண்டோம். காலையில் ஒருவர், இரவு படுக்குமுன் மற்றவர். மகள் கல்லூரிக்குப் போகாத நாள்களில் அவள்.

வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. அதற்கென்று விற்கும் கரண்டி நம் வீட்டு ஜல்லிக்கரண்டியின் உடன்பிறப்பு. மண்ணை அள்ளி அசைத்தால் உலர்ந்தது கீழே உதிர்ந்துவிடும், கட்டி மேலே நிற்கும். பூரி பொரிக்கும் பதம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. (பாட்டி இந்த ஒப்புமையைக் கேட்டு ஒரு வாரம் பூரி வேண்டாமென்றார்.) மண் இரண்டிலிருந்து மூன்று அங்குல ஆழம் இருக்கவேண்டும், குறைந்தால் கட்டி தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தட்டு, பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. கடைகளில் காட்டும் அழகிய சிறு தட்டுகள் குட்டிக்கு மட்டுமே போதும். சோற்றுக் கிண்ணத்துக்கு அருகில் தட்டை வைத்தால் எந்தப் பூனையும் மதிக்காது. எடுத்த அளவுக்குப் புது மண் சேர்த்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றி, தட்டை மோரியில் வைத்து வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி வெயிலில் காயவைக்கிறோம். நாளடைவில் நகக்கீறல்களில் நாற்றம் குடியேறிவிடும். அப்போது தட்டையே மாற்றிவிடுவது உத்தமம்.

ஃபினாயில் பற்றி இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். நம்மவர்க்குத் தூய்மை என்றால் ஃபினாயில் வாசனை. நீரில் விட்டவுடன் பாலாக வெளுக்கும் அந்தக் கறுப்புத் திரவத்தைப் பூனைத்தட்டில் ஊற்றவேண்டும் என்று கை பரபரக்கும். பூனைக்கு அது நஞ்சு. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல், மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள அளவில், பூனையின் கல்லீரலுக்கு இல்லை. தரையில் ஊற்றியது அதன் உள்ளங்காலில் ஒட்டும். காலை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். டெட்டால் முதலிய கிருமிநாசினிகளும் இவ்வகையினவே. வெளுப்புத்தூளையும் தட்டில் பயன்படுத்தலாகாது. சிறுநீரின் அம்மோனியாவோடு கலந்தால் நம் மூச்சையே அடைக்கும் வாயு கிளம்பும். இரண்டையும் அலமாரியில் பூட்டிவைத்தபோது, வீட்டின் ஆசாரமே போயிற்று என்று பாயி வருந்தினார். மேலும், பூனையின் மூக்கு நம்முடையதைவிடப் பன்மடங்கு கூரியது. மல்லிகை வாசனை கலந்த மண்ணென்று ஒருமுறை கடைக்காரர் கொடுத்ததை முத்து ஒரு கணம் முகர்ந்துவிட்டு, போய் வாசல் மிதியடியில் இருந்துவிட்டு வந்தது. தட்டு அழுக்காகக் கிடந்தாலும் இதுவே நடக்கும். வீட்டைவிட்டு விரட்டப்படும் பூனைகள் பலவற்றின் மீதுள்ள குற்றச்சாட்டு, கண்ட இடத்தில் அசுத்தம் செய்தது என்பதே. அவற்றுள் எத்தனை தட்டுகள் கழுவப்படாமல் கிடந்தன என்று கேட்பார் இல்லை.

எடுத்த கட்டியைக் கழிப்பறையில் கொட்டி நீர் விடுவதும் ஆகாது. நீரில் உப்பும் மண் குழாயில் போய் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். செய்தித்தாளில் இருமுறை பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, தனியே வைக்கிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குழந்தைகளின் அணையாடை போன்றவற்றைத் தனியே பொதிந்து தரும்படி வீட்டாரைக் கேட்டன. பூனைக் கழிவுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தோம். குப்பை எடுப்பவர் முதல் வாரம் பொதியைக் கையில் ஏந்திப் பார்த்து, இவ்வளவு கனமாக என்ன என்று கேட்டார். சொன்னோம். இப்போது அதனை வாளியின் ஓரமாகத் தனியே செருகிக்கொள்கிறார், மற்றக் குப்பையைப் பிரிக்கும்போது கை படாதிருக்க. எங்கள் கணக்கில் ஒரு பூனைக்கு மாதம் எட்டுக் கிலோ மண். அத்தனையும் படிவழியே ஒருவர் தோளில் ஏறி, இன்னொருவர் கையில் இறங்குகிறது. நம் வேலையை நாமே செய்கிறோம் என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும் அதன் கடைசிப் பகுதி வேறொருவரிடமே போய்ச் சேருகிறது.

நாள்தோறும் தட்டைப் பார்ப்பவர்களுக்கு ஒரு படிப்பு தானாக வருகிறது. முத்துவின் தட்டில் ஒரு நாளைக்குச் சிறுநீர்க் கட்டிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். கோடையில் கட்டி சிறுத்தால் நீர்க்கிண்ணத்தை இடம் மாற்றி வைப்போம். 2021 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் வாதுமைக் கொட்டையளவில் ஒரே ஒரு கட்டி. இரவில் எதுவுமில்லை. முத்து தட்டுக்குப் போவதும், குந்துவதும், வெறுமனே மண்ணைக் கிளறிவிட்டு வருவதுமாக இருந்தது. ஆண்பூனையின் சிறுநீர்த்தாரை மிகக் குறுகியது. நுண்ணிய உப்புப் படிகங்கள் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அது நாங்கள் முன்பே கேட்டறிந்திருந்த செய்தி. நள்ளிரவில் வாடகை வண்டி பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு முழுக் கட்டி, காலை ஏழு மணிக்கு வாதுமையளவு, அதன்பின் இல்லை என்று எங்களால் சொல்ல முடிந்தது. வேலையை வேறொருவரிடம் விட்டிருந்தால் அந்த விடை எங்களிடம் இருந்திராது.

மறு ஆண்டு வேறொரு சோதனை வந்தது. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய காலம். வளைகாப்புக்கு நாள் குறித்த கையோடு சம்பந்தியம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். பூனை உள்ள வீட்டில் கர்ப்பிணி இருக்கலாகாதாம், கருவைப் பாதிக்கும் கிருமி அதன் மலத்தில் இருக்கிறதாம், பிள்ளை வருமுன் அதை எங்கேனும் விட்டுவிடுவது நல்லது என்றார். குரலில் கடுமையில்லை, அச்சம் இருந்தது. வீண் அச்சமென்று தள்ளிவிடக் கூடியதும் அன்று.

அந்த ஒட்டுண்ணியின் பெயர் டாக்சோபிளாஸ்மா. 1908ஆம் ஆண்டில் தூனிசு நகரில் நிக்கோல், மான்சோ என்னும் இருவர் ஒரு கொறிவிலங்கின் உடலில் அதனைக் கண்டறிந்தனர். அதன் முழு வாழ்க்கைச் சுற்றும் பூனைக் குலத்தின் குடலில்தான் நிறைவேறுகிறது என்பது 1970ஆம் ஆண்டை ஒட்டியே தெளிவாயிற்று. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றிய பூனை, ஓரிரு வாரம் மட்டும் கோடிக்கணக்கில் கிருமிமுட்டைகளை மலத்தில் வெளியேற்றும். கருவுற்றிருக்கும்போது முதன்முறையாக அத்தொற்று நேர்ந்தால் கருவின் கண்ணும் மூளையும் கெடலாம், கருச்சிதைவும் நேரலாம். முன்பே தொற்று வந்துபோயிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மகளுக்குக் குருதிச் சோதனை செய்தார்கள். முன்பு வந்துபோன அறிகுறியே இல்லை என்று முடிவு வந்தது. பிறிதொரு நேரத்தில் மகிழ்ச்சி தரவேண்டிய அச்செய்தி, இப்போது அவளுக்குக் காப்பில்லை என்பதாக அமைந்தது.

பாட்டிக்கே மனம் தடுமாறியது. "வாயில்லாச் சீவன்தான், ஆனா வயித்துப் பிள்ளை முந்தில்லா" என்றார். ஊருக்கு எழுதி யாரேனும் வாங்கிக்கொள்வார்களா என்று பார்க்கலாமென்றார். மூன்றாண்டாக வாசற்படி தாண்டாத பூனையைக் கொல்லையில் விட்டால் நாய்களுக்கு அது ஒரு நாள் வேலை.

மகப்பேறு மருத்துவ அம்மையார் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். பூனையின் மலம் வெளியேறிய அக்கணமே தொற்றுவதில்லை. அக்கிருமிமுட்டை முதிர்வதற்குக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும், ஐந்து நாள் வரையிலும் ஆகலாம். அதற்குள் தட்டிலிருந்து எடுத்து அகற்றிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். மகள் மட்டும் தட்டைத் தொடக்கூடாது. பூனை வெளியே போகக்கூடாது, பச்சை இறைச்சி தின்னக்கூடாது. இவையெல்லாம் சரிதான், ஆனால் மனிதர்க்கு இத்தொற்று வருவது பெரும்பாலும் சரியாக வேகாத இறைச்சியாலும், கழுவாத கீரை காய்களாலும், தோட்டத்து மண்ணாலும் என்பதை மறந்துவிடாதீர்கள் என்றார். பூனையை விரட்டிவிட்டுக் கொத்தமல்லியைக் கழுவாமல் தின்னும் வீடுகளைத் தாம் நிறையப் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

ஆக, கேள்வி ஒரு நாள் என்னும் காலஅளவில் வந்து நின்றது. இரண்டு வேளை எடுப்பதை மூன்று வேளையாக்கினோம். சமையலறைச் சன்னலுக்கு எலி நுழையாதபடி வலை அடித்தோம். கையுறை, தனி விளக்குமாறு, வாரந்தோறும் தட்டுக்குக் கொதிநீர். கொதிநீருக்கு அம்முட்டைகள் அழிந்துவிடும், சோப்புக்கும் வெளுப்புத்தூளுக்கும் எளிதில் அஞ்சா. கீரை மூன்று நீரில் கழுவப்பட்டது. மகள் வந்தாள்.

வந்த இரண்டாம் வாரம் மாப்பிள்ளை அவளைப் பார்க்க வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டியின் குரல் கேட்டு எழுந்தோம். "மாப்பிள்ளை கையில அதைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் தூங்குதியளாக்கும்!" நடையில் மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் கரண்டி. பக்கத்தில் முத்து, தன் சொத்தை ஒருவர் அபகரிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டி வந்து தடுக்கத் தடுக்க, "இருக்கட்டும் பாட்டி. பூனையை அனுப்பவேண்டாம்னு எங்க அம்மாகிட்டச் சொன்னது நான். சொன்னவன் செய்யணுமில்லையா?" என்றார். நம் குடும்பங்களில் மாப்பிள்ளை தம் காப்பித் தம்ளரைக் கழுவினாலே செய்தியாகிவிடும். பாட்டி அன்று முழுவதும் அவருக்கு இரண்டு பங்கு பரிமாறினார். அதன்பின் அவர் வந்த ஒவ்வொரு முறையும் காலை வேளை அவருடையதாயிற்று.

2022 நவம்பரில் பேத்தி பிறந்தாள். பத்து நாள் தங்க வந்த சம்பந்தியம்மாள் முதல் இரண்டு நாள் அந்த நடையின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், தம் மகன் தட்டில் வேலை செய்வதைக் கதவோரம் நின்று கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, இந்த மண்ணைத் துளசித் தொட்டியில் போடலாமா என்று மட்டும் எங்களிடம் கேட்டார். போடலாகாது என்று விளக்கினோம். குழந்தை தவழத் தொடங்கியதும் நடையின் வாயிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு வைத்தாயிற்று. முத்து அதைத் தாண்டும், குழந்தை தாண்டாது.

2024 மே மாதத்தில் பேத்திக்குக் காதுகுத்த ஊருக்குப் போனோம். ஆறு நாள் முத்துவைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுக் கட்ச் அம்மையார் தாமே முன்வந்தார். கூலி என்ற பேச்சை எடுக்கவிடவில்லை. ஊரிலிருந்து ஒரு படி கருப்பட்டி மட்டும் கேட்டார். சாவியையும் கரண்டியையும் கொடுத்து, கட்டிகளைக் கணக்கில் வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். திரும்பி வந்தபோது நடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஆறு கட்டங்களிலும் குஜராத்தி எண்களில் எழுதியிருந்தார். காலைக்கு ஓர் எண், இரவுக்கு ஓர் எண். நான்காம் நாள் இரவுக் கட்டத்தில் முதலில் எழுதிய எண்ணை அடித்து வேறோர் எண் இருந்தது. என்னவென்று கேட்டோம். எட்டு மணிக்குப் பார்த்தபோது ஒன்று குறைந்திருந்ததாம், மனம் ஒப்பாமல் பத்தரை மணிக்கு மறுபடி கதவைத் திறந்து வந்து பார்த்தாராம், அப்போது இருந்ததாம்.